இரு கைப்பேசிகள்: தாராவியில் பணிபுரிவோர்க்கு ஏற்றது எது?

மும்பை மாநகரின் நடுவே, மாஹிம், சயான், மாடுங்கா ஆகிய மின்சார ரயில் நிலையங்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் தாராவி அமைந்துள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பெருந்தொகையினராக வாழ்கின்றன. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. அப்பள்ளிகளின் ஆசிரியர்களும், சந்து சந்தாகச் சென்று குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து குறிக்கும் அங்கன்வாடி ஊழியர்களும், சுகாதாரப் பணியாளர்களும் இன்று தங்கள் பதிவேடுகளில் பெரும்பகுதியைக் கைப்பேசியிலேயே வைத்திருக்கின்றனர். எனவே எக்கைப்பேசியை வாங்குவது என்னும் வினா இவர்களுக்கு ஆடம்பரம் பற்றியதன்று, தொழிற்கருவி பற்றியதாகும்.

கருவி பொருத்தமற்றதாயின் விளைவது யாது என்பதை மகாராஷ்டிர மாநிலம் அண்மையில் கண்டது. 2019-இல் அங்கன்வாடி ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட கைப்பேசிகளின் தற்காலிக நினைவகம் 2 கிகாபைட் மட்டுமே. 2021 மார்ச்சில் ‘போஷண் டிராக்கர்’ என்னும் செயலி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அக்கைப்பேசிகள் அதன் சுமையைத் தாங்கவில்லை, சூடேறின, இடையிடையே நின்றும் போயின. செயலியின் மொழி ஆங்கிலமாயிருந்தது மற்றொரு தொல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் அக்கைப்பேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டனர். செயலி பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டிற்குக் கொண்டு செல்லும் சத்துணவை வழங்குகையில் பயனாளியின் முகத்தைக் கைப்பேசிக் காமிராவினால் சரிபார்க்கும் முறையும் சேர்ந்தது. ஒரு தாய்க்குச் சேர வேண்டிய உணவு, மங்கிய வெளிச்சமுள்ள ஒரு சந்தில் அக்காமிரா அவள் முகத்தைச் சரிவரக் காண்கிறதா என்பதையும் பொறுத்திருக்கிறது.

சொந்தப் பணத்தில் கைப்பேசி வாங்க எண்ணும் ஊழியர் ஒருவர், விலையில் நடுத்தரமானவை எனக் கருதப்படும் இரண்டை எவ்வாறு ஒப்பிட்டு முடிவுக்கு வரலாம் என்பதை ஈண்டுக் காணலாம். எடுத்துக்கொள்ளப்பட்டவை 2024 மார்ச்சில், சில நாட்கள் இடைவெளியில் இந்தியச் சந்தைக்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஏ35, நத்திங் போன் 2ஏ ஆகிய இரண்டு. 8 கிகாபைட் தற்காலிக நினைவகமும் 128 கிகாபைட் சேமிப்பிடமும் கொண்ட வகையின் அறிமுக விலை முறையே ரூ. 30,999, ரூ. 23,999. இடைவெளி ஏழாயிரம் ரூபாய். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவதைச் சேர்த்து வைப்போர்க்கு இத்தொகை சிறிதன்று. அதற்கு ஈடாகக் கிடைப்பது யாது என்று கேட்பது முறையே.

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் எண்கள் பலவும் இவ்விரண்டிலும் ஒன்றாகவே உள்ளன. இரண்டிலும் பாட்டரியின் கொள்ளளவு 5,000 மில்லி ஆம்பியர்-மணி. முதன்மைக் காமிரா 50 மெகாபிக்சல். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் அமோலெட் வகை. நினைவகம் 8 கிகாபைட். வேற்றுமைகள் அட்டைப் பெட்டியின் பின்புறத்தில், சிற்றெழுத்தில் உள்ளன. முடிவு செய்பவை அவையே.

மழையும் புழுதியும்

மும்பையில் ஆண்டு மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. ஏறத்தாழ முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்துவிடும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானதை மாநகர மக்கள் இன்றும் மறக்கவில்லை. அத்தகைய நாள் அரிது. ஆயினும் சாதாரண மழைக்காலத்திலேயே மாடுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள காந்தி மார்க்கெட் பகுதியில் முழங்காலளவு நீர் தேங்குவது வழக்கமான காட்சி. செம்பூரிலிருந்து ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கித் தாராவிக்கு நடக்கும் ஓர் ஆசிரியையின் கைப்பையில் நான்கு மாதமும் ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

நீரையும் தூசியையும் தடுக்கும் ஆற்றலைக் குறிக்க ஒரு சர்வதேசத் தர அளவு உண்டு. ‘ஐ.பி.’ என்னும் எழுத்துக்களுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வரும். முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது நீரையும் குறிக்கும். கேலக்ஸி ஏ35 பெற்றிருப்பது ஐ.பி. 67. இதன் பொருள், தூசி உட்புக இயலாது என்பதும், ஒரு மீட்டர் ஆழமுள்ள தூய நீரில் அரைமணி நேரம் மூழ்கினும் தாங்கும் என்பதுமாம். போன் 2ஏ பெற்றிருப்பது ஐ.பி. 54. ஓரளவு தூசி புகலாம். எனினும் இயக்கம் கெடாது. எப்பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். மூழ்கினால் தாங்கும் என்ற உறுதி இல்லை. 67 என்பது 54-ஐவிடச் சற்றே பெரிய எண் என்று கருதுவது தவறு. தூறலில் நனைவதற்கும் சாக்கடை நீரில் விழுவதற்கும் உள்ள வேற்றுமையே இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ளது.

தூசியைப் பற்றியும் ஒரு சொல். தாராவியில் கழிவுப் பிளாஸ்டிக்கை அரைக்கும் பட்டறைகளும், தோல் பதனிடுவோரும், கும்பார்வாடாவின் மண்பாண்டச் சூளைகளும் அடுத்தடுத்து உள்ளன. அங்கே பணிபுரிவோரின் கைப்பேசிகளில் ஒலிபெருக்கியின் துளைகளும் மின்னேற்றத் துளையும் நுண்துகள்களால் அடைபடக்கூடும். இவ்வகையிலும் முதலாவது கைப்பேசி மேலானது.

ஆயினும் தர எண்ணை அளவுக்கு மீறி நம்புதல் கூடாது. சோதனை தூய நீரில், புதிய கைப்பேசியில் நடத்தப்படுவது. உப்பும் அழுக்கும் கலந்த வெள்ள நீருக்கு அது பொருந்தாது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களும் பசையும் நாளடைவில் தளரும். ஒருமுறை தரையில் விழுந்து சட்டம் நெளிந்தாலும் பயன் குறையும். உத்தரவாதச் சீட்டும் நீரால் நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே எக்கைப்பேசியாயினும் வாய் மடித்து மூடும் பிளாஸ்டிக் உறையொன்று மழைக்காலத்தில் அவசியம். விலை குறைந்த கைப்பேசியை வாங்குவோர் இவ்வுறையை மறவாதிருப்பின், இரண்டிற்கும் இடையேயுள்ள இடைவெளியிற் பாதியைக் கடந்தவராவர்.

நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாமல் தானே துள்ளுவதைப் பலர் பழுதெனக் கருதுகின்றனர். திரையின் கீழுள்ள நுண்ணிய மின்வலையில் விரல் படும் இடத்தில் மின்கொள்ளளவு மாறுகிறது. அம்மாறுதலைக் கொண்டே தொட்ட இடம் அறியப்படுகிறது. நீர்த்துளியும் அவ்வாறே மின்கொள்ளளவை மாற்றும். உலர்ந்த துணியால் துடைத்தால் குறை நீங்கும். உயர்நிலை வகுப்பில் மின்தேக்கியைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது கையடக்கமான உதாரணம்: ஒரு துளி நீரும், ஒரு விரலும், ஒரு மரக்குச்சியும் இருந்தாற் போதும். குச்சியைத் திரை பொருட்படுத்தாது. மற்ற இரண்டையும் உணரும்.

பாட்டரியும் மின்னேற்றமும்

இரு பாட்டரிகளும் கொள்ளளவில் சமம். 5,000 மில்லி ஆம்பியர்-மணியைச் சராசரி மின்னழுத்தமாகிய 3.85 வோல்ட்டால் பெருக்கினால், அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. மின்கட்டணக் கணக்கில் இது ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. மின்னேற்றத்தில் நேரும் இழப்பைச் சேர்த்து நாள்தோறும் ஒருமுறை முழுதும் ஏற்றினாலும் ஆண்டு முழுவதற்கும் பத்து யூனிட் ஆகாது. கைப்பேசியால் மின்கட்டணம் ஏறிவிட்டதென்று குறைகூறும் வீட்டுக்காரருக்கு இக்கணக்கைக் காட்டலாம்.

வேற்றுமை வேகத்தில் உள்ளது. ஏ35 ஏற்கும் மின்திறன் 25 வாட். 2ஏ ஏற்பது 45 வாட். முன்னது முழுதும் நிரம்ப ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும்; பின்னது ஏறக்குறைய ஒரு மணியில் நிரம்பும். 45-ஐ 25-ஆல் வகுத்த அளவுக்கு நேரம் குறையாததற்குக் காரணம் உண்டு. லித்தியம் பாட்டரி நிரம்ப நிரம்ப, ஏற்கும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும்; விரைவெல்லாம் முதற்பாதியிலேதான். ஆயினும் மதிய உணவு வேளையின் இருபது நிமிடங்களில் கிடைக்கும் மின்னேற்றம் மாலை வரை வெளியில் சுற்றுவோர்க்குப் பெரிதும் உதவும். இரவில் வீட்டில் ஏற்றுவோர்க்கு இதனால் விசேஷ நன்மை இல்லை.

இரு நிறுவனங்களும் பெட்டியில் சார்ஜரை வைப்பதில்லை. கைப்பேசியின் விலையோடு அதனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள பழைய சார்ஜரைச் செருகினால் கைப்பேசி இயங்கும். மேற்கூறிய வேகம் கிட்டாது. நடைபாதையில் எடையிட்டு விற்பதுபோல் குவித்து விற்கப்படும் சார்ஜர்களைத் தவிர்ப்பது நன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகரக் கூரையின் கீழ், மேமாத வெயிலில், தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவதைப்போல் பாட்டரியைக் கெடுப்பது வேறொன்றில்லை. வெப்பமே லித்தியம் பாட்டரியின் முதற்பகை.

காமிராவும் திரையும்

50 மெகாபிக்சல் என்னும் எண் இரண்டிலும் ஒன்றாயினும், ஒளியை ஏற்கும் உணர்சில்லின் பரப்பு ஒன்றன்று. 2ஏ-இன் சில்லு 1/1.56 அங்குல வகை. ஏ35-இன் சில்லு 1/1.96 அங்குல வகை. பரப்பில் முன்னது பின்னதைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் சற்று மிகும். மழை நீரைப் பிடிக்க வைத்த பாத்திரத்தின் வாய் அகலமானால் நீர் மிகுதியாகச் சேர்வதுபோல், சில்லு பெரிதானால் ஒளி மிகுதியாகச் சேரும். ஏ35-இன் வில்லைத் துவாரம் சற்று அகலமாதலால் குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது, முழுதும் அன்று. கைநடுக்கத்தால் படம் கலங்காதபடி வில்லையை அசைத்துச் சரிசெய்யும் அமைப்பு இரண்டிலும் உண்டு. பகல் வெளிச்சத்தில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்தால் வேற்றுமை காண்பது அரிது. இருபுறமும் மாடிகள் எழும்பி, நண்பகலிலும் விளக்கெரியும் சந்தில் முகத்தைப் படமெடுக்கும்போது 2ஏ ஒருபடி முன்னிற்கும். விலை குறைந்தது மேலானதாயிருக்கும் இடம் இது. கடைக்காரர்கள் இதனைச் சொல்வதில்லை.

வெயிலில் திரையைப் படிக்க இயலுமா என்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமே. ஏ35-இன் உச்ச ஒளிர்வு 1,000 நிட். 2ஏ வெளியில் 1,100 நிட் வரை ஒளிரும். இவ்வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. திரையின் மேற்கண்ணாடியில் மட்டும் ஏ35 உறுதியான வகையைப் பெற்றிருக்கிறது. எடையில் 2ஏ 190 கிராம். ஏ35 209 கிராம்.

சேமிப்பிடத்தைப் பற்றி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. பாடப் படங்களையும் ஒளிக்காட்சிகளையும் திரட்டி வைப்போர்க்கு 128 கிகாபைட் விரைவில் நிரம்பிவிடும். ஏ35-இல் தனியே நினைவக அட்டை செருகலாம். 2ஏ-இல் அவ்வசதி இல்லை. ஆனால் ஏ35-இல் அந்த அட்டைக்குரிய இடமும் இரண்டாவது சிம்முக்குரிய இடமும் ஒன்றே. அலுவலக எண், வீட்டு எண் என இரு சிம் அட்டைகள் வைத்திருப்போர் அட்டை வசதியை இழப்பர். ‘அட்டை செருகலாம்’ என்று கேட்ட மாத்திரத்தில் மகிழ்ந்து வாங்கி, வீட்டிற்குப் போனபின் இதனை அறிவோர் பலர்.

கணிப்புச் சில்லுகளைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. ஏ35-இல் எக்ஸினோஸ் 1380. 2ஏ-இல் டைமென்சிட்டி 7200 புரோ. பின்னது 4 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது; சற்று விரைவானது. வருகைப் பதிவுக்கும் எடைப் பதிவுக்கும் பாடக் காட்சிக்கும் இரண்டும் தேவைக்கு மேற்பட்டவையே. 2019-இன் கைப்பேசிகளுக்கு நேர்ந்த கதி 8 கிகாபைட் நினைவகமுள்ள இவற்றுக்கு நெடுநாள் நேராது. இவற்றின் ஆயுளை வரையறுப்பது வேறொன்றாகும்.

ஆண்டுக் கணக்கு

கைப்பேசியின் இயக்க மென்பொருளில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை நிறுவனம் அவ்வப்போது திருத்தி அனுப்புகிறது. அத்திருத்தம் நின்றபின் கைப்பேசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வங்கிக் கணக்கும், ஆதார் விவரமும், நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பதிவும் அடங்கிய கருவியைப் பூட்டில்லாத பெட்டியாக வைத்திருப்பது பொறுப்பான செயலன்று. ஏ35-க்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உறுதியளிக்கப்பட்டது, 2ஏ-க்கு நான்காண்டுகள்.

இப்போது ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க ஒரு கணக்கு. ரூ. 30,999-ஐ 5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ. 6,200. ரூ. 23,999-ஐ 4-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ரூ. 6,000. கடையில் ஏழாயிரமாகத் தோன்றிய வேற்றுமை ஆண்டுக்கு இருநூறு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது! மழையைத் தாங்கும் ஆற்றலுக்கு இருநூறு ரூபாய் அதிகமன்று.

ஆனால் இக்கணக்கில் ஒரு கண்ணி உண்டு. ஆண்டுகள் எண்ணப்படுவது வாங்கிய நாளிலிருந்து அன்று. கைப்பேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்து. இவ்விரண்டிற்கும் 2024 மார்ச்சே தொடக்கம். எனவே ஏ35-க்கு 2029 தொடக்கம் வரையும், 2ஏ-க்கு 2028 தொடக்கம் வரையுமே காலம். வெளிவந்து ஈராண்டு கழித்து வாங்குவோர்க்கு எஞ்சுவது முறையே மூன்றாண்டும் ஈராண்டும். அந்நிலையில் ஏ35-இன் விலை 2ஏ-இன் விலையைப்போல் ஒன்றரை மடங்கு வரை இருப்பினும் இக்கணக்கின்படி நட்டமில்லை. ‘பழைய இருப்பு, மிக மலிவு’ என்னும் பலகையைக் காண்போர் மலிவை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்துப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும்.

2025 மார்ச்சில் இரண்டிற்கும் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. கேலக்ஸி ஏ36-இல் மின்னேற்றம் 45 வாட்டாக உயர்ந்தது. பாதுகாப்புத் திருத்தம் ஆறாண்டாக நீண்டது. நினைவக அட்டை செருகும் வசதி மட்டும் நீக்கப்பட்டது. போன் 3ஏ ஐ.பி. 64 தரத்தை எட்டியது. தூசி புகாது என்னும் உறுதி கிடைத்தது, மூழ்கினால் தாங்கும் உறுதி இன்னும் இல்லை. ஆண்டுதோறும் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. ஒப்பிடும் முறை மாறுவதில்லை.

இக்கூறுகளைச் சேர்த்துப் பார்க்குங்கால், மழையிலும் புழுதியிலும் வீடுவீடாகச் செல்லும் களப்பணியாளர்க்குக் கேலக்ஸி ஏ35 ஏற்றது எனலாம். ஏழாயிரம் ரூபாயைக் கடன் வாங்காமல் திரட்ட இயலுமாயின் மட்டுமே. பெரும்பாலும் வகுப்பறையிலேயே பணிபுரியும் ஆசிரியர்க்கும், மங்கிய வெளிச்சத்தில் முகப்படம் எடுப்பதே முதன்மையான வேலையாக உள்ளவர்க்கும் போன் 2ஏ போதும். மிச்சப்படும் தொகையில் நல்ல சார்ஜரும் நீர்புகா உறையும் வாங்கிய பின்னும் கணிசமாகக் கையில் நிற்கும். தவணை முறையில் வட்டி செலுத்தி விலை உயர்ந்ததை வாங்குவது மேற்சொன்ன ஆண்டுக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

மாடுங்காவிலோ செம்பூரிலோ கடைக்குச் செல்வோர், வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் உடன் கொண்டு செல்லலாம். கடையின் உட்புறத்து மங்கிய மூலையில் அப்பக்கத்தை இரு கைப்பேசிகளாலும் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பின்னர்க் கடை வாயிலுக்கு வந்து வெயிலில் திரையைப் பார்க்க வேண்டும். அமைப்பில் மொழியைத் தமிழாக மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கி, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகள் உடையாமல் தோன்றுகின்றனவா என்றும் காணலாம். ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்தால் எடையும் பிடியும் விளங்கிவிடும். இருபது கிராம் வேற்றுமை எண்ணாகக் கேட்கையில் அற்பம், நாள் முழுதும் கையிலிருக்கையில் அற்பமன்று.

பணம் கொடுக்குமுன் \*#06# என்று அழுத்தினால் அக்கைப்பேசிக்கே உரிய பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும். பழைய கைப்பேசி வாங்குவோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது. அவ்வெண்ணை, முன்னால் KYM என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் இட்டு, 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது முறையான கைப்பேசியா அன்றித் தடை செய்யப்பட்டதா என்பது தெரியவரும். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் இதனைச் சரிபார்க்கலாம். கைப்பேசி களவுபோனால் அதனை முடக்கக் கோருவதும் அங்கேதான். ரசீதில் 18 சதவிகித சரக்கு-சேவை வரி தனியே காட்டப்பட்டிருக்க வேண்டும். ‘ரசீது வேண்டாமெனில் ஐந்நூறு குறைத்துத் தருகிறேன்’ என்போரிடம் வாங்கியவர்க்கு உத்தரவாதம் கிட்டாது.

புதியது வந்தபின் பழையது மேசையின் அறையில் கிடந்து, ஈராண்டு கழித்துக் குப்பைக்குச் செல்வது வழக்கம். மாநகரின் கழிவுகளில் ஒரு பகுதியைப் பிரிப்பவர்கள் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பட்டறைத் தொழிலாளர்கள். உப்பிய லித்தியம் பாட்டரி அங்கே சுத்தியலடிக்கோ அரவை இயந்திரத்திற்கோ உட்பட்டால் தீப்பற்றும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கருவிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்வதற்கு உற்பத்தியாளர்களே பொறுப்பேற்க வேண்டும். பழைய கைப்பேசியைக் குழந்தைகளின் பெயர்களும் படங்களும் நீங்கும்படி முழுவதும் அழித்து, சிம் அட்டையை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் சேவை நிலையத்தில் ஒப்படைக்கலாம்.